தன் அணியைத் தானே மூடிய பல்கலைக்கழகம்

1982 ஜூலை இறுதியில் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் தலைவர், பாதிரியார் ஜான் லோ ஸ்கியாவோ, ஓர் அறிவிப்பு செய்தார். ஆண்கள் கூடைப்பந்து அணி இனி இல்லை. அடுத்த சீசன் ஆடமாட்டோம். எப்போது திரும்பும், திரும்புமா என்ற உத்தரவாதமும் இல்லை.

தோற்றுக்கொண்டே இருந்த அணி, காசில்லாமல் மூடினார்கள் என்றால் அதில் செய்தியே இல்லை. ஆனால் இது இரண்டு முறை தேசிய சாம்பியன் ஆன அணி. மூடியபோதும் நன்றாக ஆடிக்கொண்டிருந்தது. மேலிருந்து யாரும் மூடச் சொல்லவும் இல்லை. இது ஏன் நடந்தது, சரியான முடிவுதானா என்று கொஞ்ச நாளாக நோண்டிக்கொண்டிருந்தேன். சேர்த்துவைத்த குறிப்புகள் இவை.

முதலில் கொஞ்சம் பின்னணி

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நம்ம ஊர் இன்டர்-காலேஜ் மேட்ச் மாதிரி நினைத்தால் ஒன்றும் புரியாது. அங்கே அது பெரிய வியாபாரம். டிவி, டிக்கெட், முன்னாள் மாணவர்களின் நன்கொடை என்று பணம் கொட்டும். ஆனால் அந்தக் காலத்தில் ஆடுகிற பையன்களுக்குச் சம்பளம் கிடையாது. ஸ்காலர்ஷிப், அதாவது படிப்பு, தங்குமிடம், சாப்பாடு, அவ்வளவுதான். அதற்கு மேல் கை நீட்டி வாங்கினால் அன்று குற்றம். இந்த விதிகளைக் காவல் காக்கும் அமைப்பின் பெயர் என்.சி.ஏ.ஏ.

இடையில் இன்னொரு கூட்டம் உண்டு. "பூஸ்டர்" என்பார்கள். அணி மேல் பைத்தியமான பணக்கார அபிமானிகள். கல்லூரியின் சம்பளப் பட்டியலில் இருக்கமாட்டார்கள். ஆனால் நல்ல ஆட்டக்காரனை இழுத்துவர, தக்கவைக்க, பின்வாசல் வழியாகப் பணம் கொடுப்பார்கள். இந்தக் கதைக்கு இவர்கள் முக்கியம்.

சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் 1855ல் தொடங்கிய கத்தோலிக்க நிறுவனம். சென்னை லயோலா, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரிகளை நடத்தும் அதே இயேசு சபைதான் நடத்துகிறது. அணிக்குப் பெயர் டான்ஸ்.

ஜிம் இல்லாத சாம்பியன்கள்

1950களின் தொடக்கத்தில் இவர்களுக்குச் சொந்தமாக விளையாட்டு அரங்கமே கிடையாது. பயிற்சிக்குப் பக்கத்து உயர்நிலைப் பள்ளியின் ஜிம். இந்த நிலைமையில்தான் ஓக்லண்டிலிருந்து பில் ரஸல் என்ற ஒல்லியான, நெட்டையான கறுப்பினப் பையன் வந்து சேர்ந்தார். பள்ளியில் அப்படியொன்றும் பெயர் வாங்கியவர் இல்லை. ஸ்காலர்ஷிப் கொடுக்க முன்வந்தது இந்த ஒரு கல்லூரிதான். அறைத்தோழராக வாய்த்தவர் கே.சி. ஜோன்ஸ். இருவரும் இரவெல்லாம் ஆட்டத்தைப் பற்றியே பேசுவார்களாம். பந்து எந்தக் கோணத்தில் எழும்பும், எதிராளி எங்கே திரும்புவான் என்று கணக்குப் போட்டு ஆடிய ஜோடி.

பயிற்சியாளர் ஃபில் வூல்பர்ட் தற்காப்பில் நம்பிக்கை வைத்தவர். 1954-55 சீசனில் ரஸல், ஜோன்ஸ், ஹால் பெர்ரி என்று மூன்று கறுப்பினத்தவரைத் தொடக்க ஐவரில் இறக்கினார். அன்றைய பெரிய கல்லூரி அணிகளில் இது மிக அபூர்வம். அந்த டிசம்பரில் ஓக்லஹோமா சிட்டிக்கு ஒரு போட்டிக்குப் போனபோது, ஓட்டல்கள் கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு அறை தர மறுத்தன. வெள்ளையர்கள் ஓட்டலில், மற்றவர்கள் வேறெங்கோ என்று பிரியாமல், விடுமுறைக்குக் காலியாகிக் கிடந்த ஒரு கல்லூரி விடுதியில் மொத்த அணியும் தங்கியது.

அந்த சீசனில் ஒரே ஒரு தோல்வி, யு.சி.எல்.ஏ.விடம். இறுதிப் போட்டியில் லா சால் அணியை 77-63 என்று வென்றார்கள். அடுத்த சீசன் 29 ஆட்டம், 29 வெற்றி. தோல்வியே இல்லாமல் என்.சி.ஏ.ஏ. பட்டம் வென்ற முதல் அணி இதுதான். 1956 இறுதிப் போட்டியில் அயோவாவை 83-71 என்று வீழ்த்தியபோது ரஸல் மட்டும் 26 புள்ளி, 27 ரீபவுண்ட். தகுதிக்காலம் முடிந்துவிட்டதால் அந்தத் தொடரில் ஜோன்ஸ் ஆடவில்லை. அவர் இல்லாமலே வென்றார்கள்.

தொடர் வெற்றி 60 வரை போய், 1956 டிசம்பரில் இல்லினாயிடம் நின்றது. 1973ல் யு.சி.எல்.ஏ. தாண்டும்வரை அதுதான் சாதனை. ரஸலைச் சமாளிக்க முடியாமல் விதிகளையே மாற்ற வேண்டி வந்தது. கூடைக்கு முன்னால் இருக்கும் பகுதியின் அகலத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக்கினார்கள், நெட்டை ஆட்டக்காரர் கூடைக்கடியிலேயே கூடாரம் போடக்கூடாது என்று. சொந்த ஜிம் எப்போது வந்தது தெரியுமா? 1958ல். ரஸலும் ஜோன்ஸும் ஒலிம்பிக் தங்கம் வாங்கிவிட்டு பாஸ்டன் செல்டிக்ஸுக்குப் போன பிறகு.

அதற்கும் முன்னால் ஒரு மறுப்பு

லோ ஸ்கியாவோவின் முடிவு எந்த மண்ணிலிருந்து வந்தது என்பதற்கு 1951ஐப் பார்க்க வேண்டும். அந்த வருடம் இதே கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி 9 ஆட்டம் ஆடி ஒன்பதும் வென்றது. சீசன் முடிவில் பவுல் போட்டிக்கு அழைப்பு வந்தால்தான் பெரிய பணம். ஒலி மேட்சன், பர்ல் டோலர் என்ற இரண்டு கறுப்பின ஆட்டக்காரர்களை விட்டுவிட்டு வந்தால் கூப்பிடுகிறோம் என்ற நிபந்தனை காதுக்கு வந்தது. மொத்த அணியும் முடியாது என்று சொல்லிவிட்டது. அழைப்பு போயிற்று. ஏற்கெனவே கடனில் இருந்த ஃபுட்பால் அணியை அந்த சீசனோடு கல்லூரி மூடிவிட்டது.

"சில விஷயங்களுக்கு விலை உண்டு, கொடுத்துத்தான் ஆகணும்" என்ற நினைவு அந்த வளாகத்தில் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். இது என் ஊகம்தான். ஆனால் வரிசையாகப் பார்த்தால் பொருந்துகிறது.

எழுபதுகளில் என்ன ஆயிற்று

பில் கார்ட்ரைட் என்ற ஏழடி ஆட்டக்காரரோடு 1976-77ல் அணி மறுபடி உச்சிக்குப் போனது. 29 ஆட்டம் தொடர்ந்து வென்று, நாட்டின் முதலிடம். அதன்பின் நோட்ரே டேமிடம் ஒன்று, நாக்கவுட்டின் முதல் சுற்றிலேயே ஒன்று என்று இரண்டு தோல்வி. சீசன் முடிந்தது.

பழைய புகழ் திரும்பும் வாசனை வந்ததும் பூஸ்டர்களின் கையும் நீண்டது. அடுத்த சில ஆண்டுகளில் இரண்டு முறை என்.சி.ஏ.ஏ. இந்த அணியை விதிமீறலுக்காகக் கண்காணிப்பில் வைத்தது. ஐந்தாண்டுக்குள் மூன்று பயிற்சியாளர்கள். ஆள் மாறினார்களே தவிர, பணம் வரும் வழி மாறவில்லை. கல்லூரியின் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களைக் கல்லூரி எப்படி வேலையை விட்டு நீக்கும்?

1982ல் அணியின் நட்சத்திரம் க்வின்டின் டெய்லி. ஒரு மாணவியைத் தாக்கிய வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, சிறை இல்லை. அந்த வழக்கு விசாரணையில்தான் இன்னொன்றும் வெளிவந்தது: ஒரு பூஸ்டரிடம் செய்யாத வேலைக்கு மாதம் 1,000 டாலர் வாங்கியிருக்கிறார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பல கட்டுரைகளில் இது "பண ஊழல்" கதையாக மட்டுமே ஓடுகிறது. ஆனால் பண விவகாரத்தை என்.சி.ஏ.ஏ.வும் பிடிக்கவில்லை, கல்லூரியின் சொந்த மேற்பார்வையும் பிடிக்கவில்லை. ஒரு பெண்ணுக்கு நடந்த கொடுமையை விசாரிக்கும்போது தற்செயலாக வெளியே வந்தது. சாஃப்ட்வேரில் இருப்பவர்களுக்கு இது புரியும். நாம் வைத்த அலாரம் ஒன்றுகூட அடிக்காமல், யாரோ பாதிக்கப்பட்ட பிறகு பிழை தெரியவருகிறது என்றால், அலாரங்களை நம்பி அந்த சிஸ்டத்தை ஓடவிடக்கூடாது.

லோ ஸ்கியாவோ செய்ததும் அதுதான். அவர் கூடைப்பந்தை வெறுத்தவர் இல்லை, ரசிகர். இரண்டு எச்சரிக்கைக்குப் பிறகும் தன் வீட்டுக்குள் நடப்பதைத் தன்னால் தடுக்க முடியவில்லை, கல்லூரியின் நேர்மையும் பெயரும் இந்த அணியைவிடப் பெரியது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

சரியா, தவறா?

மூன்று சீசன்கள் அணி இல்லை. 1985-86ல் ஜிம் ப்ரோவெல்லி என்ற முன்னாள் மாணவரைப் பயிற்சியாளராக வைத்து மறுபடி தொடங்கினார்கள். பழைய இடம் திரும்பவே இல்லை. மூடிய பிறகு முதல்முறையாக என்.சி.ஏ.ஏ. தொடருக்குள் நுழைய 1998 வரை காத்திருந்தார்கள். அதற்கடுத்தது 2022. அதிலும் முதல் சுற்றிலேயே, கூடுதல் நேரத்தில் தோல்வி.

எதிர்வாதம் வலுவானது. தப்பு செய்யாத ஆட்டக்காரர்களும் அணியை இழந்தார்கள். பணம் கொடுத்த பூஸ்டருக்கோ பெரிய நஷ்டமில்லை. தவிர, 2021க்குப் பிறகு கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025லிருந்து கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம். மாதம் 1,000 டாலர் இன்று ஒரு விஷயமே இல்லை. அப்படியென்றால் இல்லாத குற்றத்துக்காக ஒரு வரலாற்றைப் பலி கொடுத்தார்களா?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆட்டக்காரனுக்குப் பணம் தருவது நியாயம்தான், அந்த விதி அநியாயமானது என்பதுதான் என் கட்சியும். ஆனால் 1982ல் பிரச்சினை தொகை இல்லை. அணிக்காக என்னவும் செய்யலாம், யாரும் கேட்கமாட்டார்கள் என்று வெளியாட்கள் முடிவுசெய்யும் இடமாகக் கல்லூரி ஆகிவிட்டிருந்தது. விதியை மாற்றினால் பணம் சட்டபூர்வமாகும். "நம் நட்சத்திரத்தை யாரும் தொடமுடியாது" என்ற மனநிலை விதியை மாற்றினால் போகாது.

மற்ற இடங்களைப் பாருங்கள். 1987ல் எஸ்.எம்.யு. ஃபுட்பால் அணியை முடக்கியது என்.சி.ஏ.ஏ., கல்லூரி அல்ல. 1985ல் டுலேன் தன் கூடைப்பந்து அணியைத் தானே மூடியது, ஆனால் சூதாட்டப் புகாரில் போலீஸ் வந்த பிறகு. வெளியிலிருந்து யாரும் கழுத்தைப் பிடிக்காதபோது, ஜெயித்துக்கொண்டிருக்கும் அணியைத் தானே நிறுத்தியவர்கள் மிகச் சிலர். 60 தொடர் வெற்றியை யு.சி.எல்.ஏ. முறியடித்துவிட்டது. இந்த விஷயத்தில் டான்ஸோடு போட்டி போட அதிகம் பேர் வரவில்லை.