கணுவும் வெடிப்பும்: கட்டுகஸ்தோட்டையில் உருவான ஒரு கிற்றார்

மகாவலி கங்கையோரம் அமைந்துள்ள கட்டுகஸ்தோட்டையில், தச்சுப் பட்டறை ஒன்றில் உதவியாளாக வேலை செய்யும் இளைஞன் ஒருவன் சில ஆண்டுகளுக்கு முன் எம்மைத் தேடி வந்தான். அவன் கையில் பலாப் பலகை ஒன்று இருந்தது. அதன் ஒரு முனையிலிருந்து சாண் நீளத்துக்கு வெடிப்பு ஓடியிருந்தது.

"பாதர், எல்லாம் போச்சு" என்றான்.

2022 இல் ரூபாவின் பெறுமதி சரிந்தபோது கடையில் தொங்கிய கிற்றார் அவனுக்கு எட்டாக் கனியாயிற்று. வீட்டருகே காற்றில் சாய்ந்த பலா மரத்திலிருந்து அவன் பங்குக்குக் கிடைத்தது இந்த ஒரு பலகைதான். கம்பிகளையும் முடுக்கிகளையும் கூலியில் மிச்சம் பிடித்து ஏற்கனவே வாங்கி வைத்திருந்தான். "நத்தாருக்குள் முடித்துவிடு, பாடகர் குழுவில் வாசிக்கலாம்" என்று அவசரப்படுத்தியவர்கள் நாமே. ஐப்பசி மழையில் பலகை காயவில்லை. அவன் அதை அடுப்புக்கு மேலே பரணில் வைத்தான். இரண்டு வாரத்தில் வெடித்தது. அந்த வெடிப்பில் எமக்கும் பங்கு உண்டு என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

பலகை ஏன் வெடிக்கிறது? பச்சை மரத்தின் நார்களுக்குள் நீர் நிறைந்திருக்கிறது. ஈரம் ஏறத்தாழ 30 வீதத்துக்குக் கீழே இறங்கும்போது மரம் சுருங்கத் தொடங்குகிறது. ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. வளர்ச்சி வளையங்களின் போக்கில் ஏற்படும் சுருக்கம், நடுத்தண்டிலிருந்து வெளிநோக்கிய திசையில் ஏற்படுவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. அதோடு பலகையின் முனைகள் நடுப்பகுதியைவிட விரைவாகக் காய்கின்றன. வெளிப்புறம் சுருங்க, உட்புறம் சுருங்க மறுக்க, இழுபறியில் முனை பிளந்துவிடுகிறது. எனவே அறுத்த அன்றே முனைகளில் மெழுகோ தீந்தையோ பூசி, பலகைகளுக்கிடையே சிறு சட்டங்கள் வைத்து, காற்றோட்டமுள்ள நிழலில் அடுக்க வேண்டும். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஓராண்டு என்பது பழைய தச்சர்களின் கணக்கு.

பட்டறையின் மூத்த பாஸ் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் கணுவால் தட்டிக் காது கொடுத்தார். நல்ல இடத்தில் மணி போலவும், வெடிப்பின் அருகே சிலம்பலாகவும் கேட்டது. "தம்பி, இதை எறியாதே. ஆனால் இந்த நத்தாரை மறந்துவிடு" என்றார்.

அவர் சொன்னவற்றை வாசகர்களுக்காகத் தொகுத்துத் தருகிறோம்.

முதலாவது, மரம் முழுதாகக் காயும்வரை வெடிப்பைத் தொடாதீர்கள். ஈரமாக ஒட்டினால் பக்கத்திலேயே மறுபடி பிளக்கும். காய்ந்தபின் மயிரிழை வெடிப்பானால், பலகையை மெல்ல வளைத்து வளைத்துப் பசையை உள்ளே இறக்கி, இடுக்கி போட்டு ஒரு நாள் விட வேண்டும். அகன்ற வெடிப்பை மரத்தூளும் பசையும் குழைத்து அடைப்பது கண்ணுக்கு மட்டுமே மருந்து. அதே மரத்தில் மெல்லிய சிம்பு சீவி, நாரின் போக்கு ஒத்திருக்கும்படி செருகி ஒட்டுவதே முறை. பின்னர் கிற்றாரின் உட்புறத்தில், வெடிப்புக்குக் குறுக்கே நார் ஓடும்படி, தபால் முத்திரை அளவிலான மெல்லிய மரத்துண்டுகளை இடைவெளிவிட்டு ஒட்ட வேண்டும். வெடிப்பை மேலும் ஓடவிடாமல் தடுப்பவை இவைதான்.

இரண்டாவது, கணு. கணு என்பது தண்டுக்குள் புதைந்த கிளையின் அடி. கிளை உயிரோடு இருந்தபோது உண்டான கணு சுற்றியுள்ள நாரோடு பின்னிப் பிணைந்திருக்கும். அதை விட்டுவைக்கலாம். பட்டுப்போன கிளையின் கணுவோ கறுத்து, பட்டை சூழ்ந்து, ஒருநாள் கழன்று விழும். அதைத் தட்டி எடுத்து, துளையைச் சீராக்கி, அதே பலகையின் துண்டால் நார் பார்த்து அடைக்க வேண்டும். வளைக்க வேண்டிய பக்கச் சட்டங்களில் எந்தக் கணுவும் ஆகாது. சூட்டில் வளைக்கும்போது அங்கேதான் முறியும்.

மூன்றாவது, முகப்புப் பலகை. ஆறு உருக்குக் கம்பிகளின் மொத்த இழுவை 70 கிலோவுக்கும் அதிகம். கம்பிகளைத் தாங்கும் பாலத்தின் அருகே கணு இருக்கவே கூடாது. இளைஞனிடம் முகப்புக்கு இருந்தது சாமான் பெட்டியொன்றின் பைன் பலகை. பைன் மரம் கிளைகளை வட்டம் வட்டமாக விடுவதால் அதில் கணுக்கள் கூட்டமாகவே வரும். பாஸ் அட்டை வடிவத்தைப் பலகைமேல் நகர்த்தி நகர்த்திப் பார்த்து, மிகப் பெரிய கணுவை ஒலித்துளை வெட்டப்படும் இடத்தில் விழச் செய்தார். பிரச்சினை வட்டமாக வெட்டுண்டு தரையில் விழுந்தது!

குறையுள்ள மரத்தில் நாதம் பிறக்குமா என்று சிலர் கேட்டனர். 1963 இல் இங்கிலாந்தில் பிரையன் மே என்ற பதின்வயது மாணவர் தம் தந்தையோடு சேர்ந்து பழைய கணப்பு மரச்சட்டத்தில் கிற்றாரின் கழுத்தைச் செதுக்கினார். அதிலிருந்த புழுத்துளைகளைத் தீக்குச்சிகளால் அடைத்தார். பின்னர் குயின் இசைக்குழுவில் உலகமெங்கும் அவர் வாசித்தது அதே கிற்றாரைத்தான். 1995 இல் அமெரிக்காவின் டெய்லர் நிறுவனம், சரக்கு அடுக்கும் பழைய மரத்தட்டைக் கொண்டே ஒரு கிற்றார் செய்து காட்டியது. பலாவைப் பற்றி நாம் ஐயுறவே வேண்டாம். தஞ்சாவூர் வீணை அந்த மரத்தில்தான் பிறக்கிறது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. எம் நாட்டில் பலா மரத்தை அனுமதியின்றி வெட்டுவதை 1951 ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. வாத்தியம் செய்ய விரும்புவோர் பழைய கதவு, கட்டில், உத்தரம் ஆகியவற்றைத் தேடுவது நல்லது. பல ஆண்டுகள் காய்ந்த மரத்துக்கு நிகரில்லை.

அந்தக் கிற்றார் அடுத்த ஆண்டு நத்தாருக்கு முடிந்தது. தாழ்ந்த சுருதியில் சற்றே முணுமுணுக்கிறது. முதுகுப் பலகையில் பழைய வெடிப்பின் கோடு தெரிகிறது. மெருகு தடவி மறைக்கலாமே என்றோம்.

"வேண்டாம் பாதர். மழைக்காலம் முடிய அது விரிஞ்சிருக்கா என்று பார்க்கவேணும். மறைத்தால் எப்படிப் பார்ப்பது?" என்றான்.

இரண்டு மழைக்காலங்கள் கடந்துவிட்டன. கோடு அப்படியே இருக்கிறது.