பன்றியின் குடலில் மறைந்துறையும் பகை

கொழுத்துத் திரியும் பன்றியைக் கண்டால் அது நோயற்றதென்றே நாம் எண்ணுவோம். ஆயினும், சல்மொனெல்லா என்னும் பற்றீரியா அதன் குடலில் எவ்வித அறிகுறியுமின்றி வாழவல்லது. இறைச்சி வழியாக நம் குழந்தைகளை வயிற்றோட்டத்தில் வீழ்த்தவும் வல்லது. கண்ணுக்குப் புலனாகாத இப்பகையைக் கண்டறிவது எங்ஙனம்?

டென்மார்க் நாட்டினர் 1995ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் ஒரு வழியைக் கைக்கொண்டனர். கொல்களத்திற் சிறு இறைச்சித் துண்டை எடுத்து, உறையவைத்துப் பின் உருகவிட்டு, வடியும் சாற்றிலே பிறபொருளெதிரி உண்டா எனச் சோதித்தனர். அது கிருமி முன்னர் உடலிற் புகுந்தமைக்குச் சான்றேயன்றி, இன்றும் உளதென்பதற்குச் சான்றன்று. ஆதலின், ஐயத்துக்குரிய பண்ணைகளிற் பன்றிகளின் மலத்தையும் ஆராய்ந்தனர்.

பண்ணையிற் சோதனை நடப்பினும், இறைச்சியை நன்கு வேகவைத்தல் நம் அடுக்களையின் கடமையே என்பதை நாம் மறத்தலாகாது.