கோயம்பேட்டிலிருந்து கடலூருக்கு

கிருமி ஒன்றுதான் என்றால், ஓர் ஊரில் கொத்துக் கொத்தாகவும் இன்னோர் ஊரில் ஒன்றிரண்டாகவும் கொரோனா ஏன் வந்தது? டீக்கடை பெஞ்சில் இன்றும் யாராவது கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வி. ஒரே ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு ஆற அமரப் பார்ப்போம்.

2020 மே 4 அன்று தமிழகத்தில் 527 பேருக்குத் தொற்று உறுதியானது. சென்னையில் 266 பேர். பெருநகரம், அதில் வியப்பில்லை. ஆனால் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 122 பேர். பன்னாட்டு விமான நிலையம் கிடையாது, அடுக்குமாடி நெருக்கடி கிடையாது. அங்கே எப்படி?

சென்னையின் கோயம்பேடு மொத்தக் காய்கறி மார்க்கெட்டை நள்ளிரவுக்குப் பிறகு பார்த்தவர்களுக்கு விடை தெரிந்திருக்கும். லாரிகள் வந்து நிற்கும். வெங்காய மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு, மூச்சு வாங்க, "வழி, வழி" என்று கத்தியபடி லோடுமேன் நுழைவார். கடைக்காரர் உரத்த குரலில் விலை சொல்வார். உரக்கப் பேசும்போதும் மூச்சிரைக்கும்போதும் வாயிலிருந்து நுண்துளிகள் அதிகம் வெளிவரும். பாரம் சுமப்பவர் முகக்கவசத்தோடு எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பார்? வேலை முடிந்தால் மார்க்கெட்டுக்குள்ளேயே ஒரு மூலையில் படுக்கை, அல்லது பலர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த ஓர் அறை. காய்ச்சல்கூட இல்லாமல் கிருமியைச் சுமந்தவர்களும் இவர்களில் இருந்தார்கள்.

அந்த நேரத்தில் சென்னைக்கு நான்கு நாள் முழு ஊரடங்கு என்ற அறிவிப்பு வந்தது. ஏப்ரல் 26 முதல் அது நடைமுறை. அதற்கு முந்தைய நாள் மக்கள் காய்கறி வாங்கக் குவிந்துவிட்டார்கள். கூட்டத்தைத் தடுக்க வந்த உத்தரவு, அந்த ஒரு நாள் கூட்டத்தைக் கூட்டிவிட்டது. மே 5 அன்று மார்க்கெட் மூடப்பட்டது. ஆனால் அதற்குள் தொழிலாளர்கள் பலர் ஊர் திரும்பியிருந்தார்கள். கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் என்று அவரவர் சொந்த மாவட்டம் எதுவோ அங்கெல்லாம் எண்ணிக்கை ஏறியது. வேலை தேடி அவர்கள் வந்த வழியிலேயே கிருமி திரும்பிப் போனது.

அப்போது அவர்களைப் பழித்த பேச்சை நான் ஏற்கவில்லை. நாமெல்லாம் வீட்டுக்குள் இருக்க, நம் சமையலுக்கு மூட்டை தூக்கியவர்கள் அவர்கள்.

மும்பையிலும் இடம்தான் கணக்கை மாற்றியது. 2020 ஜூலையில் அங்கே மூன்று வார்டுகளில் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம் பேருக்கு நோய் ஏற்கெனவே வந்து போயிருந்தது. அதே வார்டுகளின் மற்ற வீடுகளில் 16 சதவீதம் பேருக்குத்தான். நெருக்கமும் பொதுக் கழிப்பறையும் இதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. தனிக் கழிப்பறை இல்லாதவரிடம் வீட்டை விட்டு வெளியே வராதே என்றால் அவர் என்ன செய்வார்?

ஆகவே அடுத்த தொற்று வருவதற்கு முன்பே மாவட்டச் சுகாதாரத் துறைகள் ஒரு வேலை செய்தாக வேண்டும். தம் ஊர்க்காரர்கள் எந்தச் சந்தையில், எந்த ஆலையில் வேலை செய்கிறார்கள், எங்கே தூங்குகிறார்கள், எப்போது ஊர் திரும்புகிறார்கள் என்று இப்போதே கேட்டு எழுதி வைக்க வேண்டும். மார்க்கெட்டை மூடும் உத்தரவோடு, அங்கே வேலை செய்பவர்களுக்குத் தங்க இடமும் சாப்பாடும் கூலியும் சேர்த்தே அறிவியுங்கள்.