எரிந்த தேவனும் எரியாத தேவனும்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் வழியில், ஊரை அடையுமுன், அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் யவன தேசத்துப் பண்டங்கள் வந்திறங்கிய துறை அது. 1940-களில் அங்கே அகழ்ந்தெடுத்தவற்றுள் ஒரு சிறு பளிங்குக் கல்; அதிலே ஒரு பறவையும் ஒரு பாலகனும் செதுக்கப்பட்டிருந்தனர். அப்பாலகனே கிரேக்கரின் காதல் தெய்வமாகிய ஈராஸ். ரோமாபுரியார் அவனைக் க்யூபிட் என்றனர்.

வந்த விருந்தினனுக்கு இங்கே ஓர் இணை உண்டு. பூம்புகாரில் காமவேளுக்குக் கோட்டம் இருந்ததையும், பிரிந்த கணவனைப் பெற அங்கே தொழுமாறு தேவந்தி சொன்னதைக் கண்ணகி மறுத்ததையும் சிலப்பதிகாரம் படித்தோர் அறிவர்.

ஈராஸுக்குச் சிறகுகள்; பொன்னம்பு பட்டவர் காதலிப்பர், ஈய அம்பு பட்டவர் வெறுப்பர். நம்மவனுக்கோ கரும்பு வில், வண்டு நாண், ஐந்து மலர்க்கணைகள். வெறுப்புக்கென்று ஓர் அம்பை நம் முன்னோர் அவன் கையில் கொடுக்கவில்லை. ஆயினும் சூடுபட்டதில் இருவரும் ஒன்றே. உறங்கும் கணவனின் முகத்தைக் காண ஸைக்கி ஏந்திய விளக்கிலிருந்து ஒரு துளி எண்ணெய் ஈராஸின் தோளைச் சுட்டது. மன்மதனையோ சிவனது நெற்றிக்கண் சாம்பலாக்கியது. மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள திருக்குறுக்கையே அத்தலம். கடலூர்ப் பக்கத்துத் திருவதிகையைப் போல அதுவும் அட்ட வீரட்டங்களுள் ஒன்று. ஸைக்கி அலைந்து திரிந்து கணவனை மீட்டாள். ரதி அழுது மன்றாடி மீட்டாள், தன் கண்ணுக்கு மட்டும் புலப்படுபவனாக.

தஞ்சைப் பக்கத்துக் கிராமங்களில் மாசி மாதத்தில் காமன் பண்டிகை நடைபெறும். கரும்பும் ஆமணக்கும் நட்டு, பௌர்ணமியன்று கொளுத்துவர். இலங்கை மலைத் தோட்டங்களுக்குப் போன நம்மவர் இதைக் கூத்தாகவே உடன் கொண்டு சென்றனர். பண்டிகையின் சுவை லாவணியில்தான் இருக்கிறது. காமன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று மறு கட்சி. டேப்பை முழக்கி விடிய விடியப் புராணச் சான்றுகளுடன் வாதாடுவர். அவன் அழிந்தது மெய்யானால், பின்னர் உமையைச் சிவன் மணந்தது எப்படி? என் வாக்கு எரியாத கட்சிக்கே. தில்லையில், காமனை எரித்த பெருமான் ஆடுகிறான். அவ்வாடலைக் கண்டு நிற்பவள் பெயரோ சிவகாமசுந்தரி!

லாவணிப் புலவர் அருகிவிட்டனர். பிப்ரவரி 14-ல் க்யூபிட் படத்தை வாழ்த்து அட்டையில் கண்டதும் பெயர் சொல்லும் நம் பிள்ளைகளுக்கு, அதே பருவத்தில் வரும் காமன் பண்டிகை தெரியாது. எஞ்சியிருக்கும் முதியவர்களிடமிருந்து அவ்வாதங்களை எழுதி வாங்குவது பள்ளி மாணவர்களாலும் ஆகக்கூடியதே. வரும் மாசிக்கு இரண்டு நோட்டுப் புத்தகங்கள் போதும், கட்சிக்கு ஒன்றாக.