கையெழுத்துப் போடும் முன் ஒரு கேள்வி!

தோட்டத் தொழிலாளத் தோழர்களே, தாய்மார்களே!

உங்கள் வீட்டில் படிவம் மூன்றில் படிக்கும் பிள்ளை இருக்கிறதா? இருந்தால் இந்தக் கட்டுரையைப் பொறுமையாகப் படியுங்கள். படிக்க முடியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. செபராங் ஜெயா கருமாரியம்மன் கோயில் வாசலில் ஒரு அம்மா என்னை நிறுத்தினார். சுங்கை பாக்காப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் உரம் போடும் வேலை அவருக்கு. வீட்டுக்காரர் தவறி நாலு வருசம் ஆகிறது. நாலாக மடித்த ஒரு தாளைக் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. மக கையெழுத்துப் போடச் சொல்லி ரெண்டு நாளா நிக்கிறா."

வாங்கிப் பார்த்தேன். மகள் தொழிற்கல்லூரியில் மின்சாரத் தொழில்நுட்பம் படிக்க விரும்புகிறாள், பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று மலாயில் இருந்தது. சொன்னேன். அந்த அம்மா முகம் சுருங்கிப் போனது.

"பொம்பளப் பிள்ளைக்கு ஒயரு எதுக்குண்ணே? எஸ்.பி.எம். முடிச்சா பிறையில பேக்டரி இருக்கு. மாசமானா சம்பளம். எனக்கும் முதுகு முன்ன மாதிரி இல்ல."

அவர் சொன்னதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். வறுமை சொல்லிக் கொடுத்த கணக்கு அது. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு வரி விட்டுப் போயிருக்கிறது.

1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வர்த்தக வட்டாரம் திறந்தது. இன்டெல், போஷ், ஹிட்டாச்சி என்று பெரிய கம்பெனிகள் வந்தன. பிறையிலும் தொழிற்சாலைகள் எழும்பின. பினாங்கு மேம்பாட்டுக் கழகம் செபராங் ஜெயா நகரை உருவாக்கியது. 1985இல் பாலம் திறந்தது. விடியுமுன் பேக்டரி பஸ் வந்து நம் பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனது.

அங்கே போய் என்ன செய்தார்கள்? மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சின்னஞ்சிறு சில்லில் ஒட்டினார்கள். ஆம் தாயே, ஒயர்தான்! பொம்பளப் பிள்ளைக்கு ஒயர் எதற்கு என்று அன்றைக்கு எந்த முதலாளியும் கேட்கவில்லை. அந்தக் கைகளால்தான் பினாங்கின் மின்னணுத் தொழில் வளர்ந்தது.

பிறகு கம்பி ஒட்டவே தானியங்கி எந்திரம் வந்துவிட்டது. கைவேலை போனது. ஆனால் அந்த எந்திரத்தைப் பூட்டவும் பழுது பார்க்கவும் ஆள் வேண்டியிருந்தது. தேர்ந்த ஆள் போதவில்லை என்று கம்பெனிகளும் அரசாங்கமும் சேர்ந்து 1989இல் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தையே தொடங்கினார்கள். கம்பி ஒட்டிய நம் பெண்களில் எத்தனை பேருக்கு எந்திரத்தைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கப்பட்டது? சிந்தித்துப் பாருங்கள்.

என் கதையையும் சொல்கிறேன். நான் தோட்டப் பள்ளியில் படித்தவன். அப்பா பால்வெட்டு. புகுமுக வகுப்பு முடித்து, 1996இல் படிவம் மூன்று. கணக்கு எனக்கு நன்றாக வரும். பள்ளியில் ஒரு பாரம் கொடுத்தார்கள். அப்பாவுக்கு மலாய் படிக்கத் தெரியாது. எனக்கு அதன் அர்த்தம் தெரியாது. "போடுங்கப்பா" என்றேன், போட்டார். படிவம் நாலில் கலைப்பிரிவில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு கையெழுத்தில் என் வழி மாறிவிட்டது என்பது மூன்று வருசம் கழித்துத்தான் புரிந்தது.

பேக்டரியில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். எந்திரம் நின்றால் நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். டெக்னீஷியன் வருவான், திறப்பான், பார்ப்பான், ஓட வைப்பான். என் வயதுப் பையன்தான். என்னைவிட மூளைக்காரன் என்று இன்றைக்கும் நான் நம்பவில்லை. அவன் வீட்டில் அந்தப் பாரத்தைப் படிக்க ஒரு ஆள் இருந்திருக்கிறார், அவ்வளவுதான்.

சங்கத்துக்கு வந்த பிறகு எத்தனையோ சம்பளப் பேச்சுகளில் உட்கார்ந்திருக்கிறேன். குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 வெள்ளி ஆனது. நல்லதுதான். ஆனால் சங்கம் எவ்வளவு போராடினாலும் ஆபரேட்டரின் சம்பளத்தைத்தான் ஏற்ற முடியும். ஆபரேட்டரை டெக்னீஷியன் ஆக்க எங்களால் முடியாது. அதைச் செய்வது படிப்பு.

தோட்டத்து முதலாளிகள் நமக்குப் பள்ளி கட்டியதே எப்படி? பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அதனால் கட்டினார்கள். கூரைக் கொட்டகையில் எழுத்தும் கணக்கும் கிடைத்தன, அதற்கு மேல் வழி இல்லை. இன்றைக்குத் தமிழ்ப்பள்ளியில் நாலாம் ஆண்டிலேயே 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' என்று ஒரு பாடம் இருக்கிறது. பிள்ளை அட்டையையும் மோட்டாரையும் வைத்து வீட்டில் குப்பை போட்டால் திட்டாதீர்கள். அதுவும் படிப்புதான்.

வழிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். படிவம் மூன்று முடித்தவர்களுக்குத் தொழிற்கல்லூரி உண்டு. பட்டர்வொர்த்திலும் நிபோங் திபாலிலும் இருக்கிறது. இரண்டு ஆண்டில் எஸ்.வி.எம்., மேலும் இரண்டு ஆண்டில் டிப்ளோமா. எஸ்.பி.எம். முடித்தவர்களுக்குப் பெர்மாத்தாங் பாவில் செபராங் பிறை பாலிடெக்னிக் இருக்கிறது. நிபோங் திபாலில் ஆறுமுகம் பிள்ளை பேரில் தொழில் பயிற்சிக் கழகம் இருக்கிறது. அறிவியல் பாடங்களை நன்றாகப் படித்தால் அதே நிபோங் திபாலில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகமே இருக்கிறது. நம் தோட்டங்களிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய்விடும் தூரம்!

பணத்துக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். டிப்ளோமா, டிகிரி படிப்புக்கு இ.பி.எஃப். கணக்கிலிருந்து பிள்ளை பேரில் பணம் எடுக்க விதி இருக்கிறது. உங்கள் வேர்வைக் காசு அது. கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்கும் முன் இதை நினையுங்கள்.

தோட்டமே வேண்டும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. செம்பனை ஆலை நீராவியில் ஓடுகிறது. சான்றிதழ் உள்ள ஆள்தான் பாய்லரைப் பார்க்கலாம். பெரிய மின்சார வேலைக்குச் சான்றிதழ் பெற்ற சார்ஜ்மேன் வேண்டும். குலை தூக்குகிறவன் பிள்ளை அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை.

இதையெல்லாம் கோயில் வாசலில் நின்றே அந்த அம்மாவிடம் சொன்னேன். கடைசியில் ஒன்று கேட்டேன்: "நீங்க கையெழுத்துப் போடலன்னா, பத்து வருசம் கழிச்சு அவ உங்ககிட்ட என்ன கேப்பா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பேனா இருக்காண்ணே?" என்றார்.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, மகளோடு பள்ளிக்குப் போய் ஆசிரியரைப் பார்த்திருக்கிறார். இப்போது நேர்முகத்துக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறார்கள். கிடைக்குமா, கிடைக்காதா தெரியாது. ஆனால் அந்தப் பிள்ளையின் வழியைத் தெரியாத பாரம் ஒன்று முடிவு செய்யவில்லை. தாயும் மகளும் சேர்ந்து முடிவு செய்தார்கள்.

தோழர்களே! பள்ளியிலிருந்து தாள் வந்தால் அன்றைக்கே கேளுங்கள்: "இது எந்தப் பிரிவு? இதைப் படித்தால் பிறகு எங்கே போகலாம்?" புரியவில்லையா, ஆசிரியரிடம் போங்கள். கூச்சமாக இருக்கிறதா, சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள், நாங்கள் படித்துச் சொல்கிறோம். பெரட்டுக்கு ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலிதான் போகும். அந்தத் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் போவது அதைவிடப் பெரிது.