மண் அணையின் உடல்நிலை

ராயப்பன்பட்டிக்கு அருகே, மேகமலை அடிவாரத்தில் இருக்கிறது சண்முகாநதி அணை. முழு நீர்மட்டம் 52.5 அடி. மலையில் நல்ல மழை பெய்து அணை நிரம்பி மறுகால் பாய்ந்தால் சுற்றுவட்டாரமே பார்க்க வரும். வருகிறவர்களின் கண் தண்ணீர் விழும் இடத்தில்தான் இருக்கும். ஆனால் ஒரு மண் கரையின் உடல்நிலையை அறிய அதன் வெளிச்சரிவில் இறங்கி, கரை தரையைத் தொடும் அடிப்பகுதிக்குப் போகவேண்டும். அரசு அணையோ, தோட்டக்காரர் ஓடையை மறித்துத் தன் நிலத்தில் போட்ட கரையோ, பார்க்கவேண்டிய இடம் அதுதான்.

மண் அணை தன் எடையால் நிற்கிறது. நடுவில் இறுக்கிய களிமண், இருபுறமும் அதைத் தாங்கும் கனத்த மண், நீர்ப்பக்கம் அலை அரிக்காதிருக்கப் பதித்த கல், வெளிப்பக்க அடியில் மணலும் சரளையும் அடுக்கிய வடிகட்டி. களிமண்ணுக்குள்ளும் தண்ணீர் மெல்ல ஊறி வரத்தான் செய்யும். அதனால் கசிவு இருப்பதே குற்றமில்லை. எவ்வளவு கசிகிறது, எந்த நிறத்தில் கசிகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முல்லைப் பெரியாறு அணைக்குத் துணைக்குழு ஆய்வுக்குப் போகும்போதெல்லாம் ‘கசிவுநீர் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர்’ என்ற செய்தியைக் கம்பம் பள்ளத்தாக்கில் நாம் படிக்கிறோம். அந்தப் பிரதான அணை கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டியது. அளப்பதன் காரணம் மட்டும் மண் அணைக்கும் அதேதான். போன ஆண்டு இதே நீர்மட்டத்தில் வந்த கசிவே இந்த ஆண்டும் வந்தால் கவலையில்லை. நீர்மட்டம் ஏறாமல் கசிவு மட்டும் கூடினால் உள்ளே ஏதோ மாறியிருக்கிறது. திடீரென்று குறைந்தாலும் நிம்மதி கொள்ளக்கூடாது. வடிகட்டி அடைத்துக்கொண்டு, வெளியேற வழியில்லாத தண்ணீர் கரைக்குள் அழுத்தம் கூட்டிக்கொண்டிருக்கலாம்.

கசிவுநீர் தெளிவாக இருந்தால் அது தண்ணீரை மட்டும் கொண்டுவருகிறது. கலங்கி வந்தால் கரையையே கொண்டுவருகிறது. வெளிப்பக்கத்தில் தொடங்கும் அரிப்பு, மண்ணைத் துகள் துகளாக இழுத்துக்கொண்டு உள்நோக்கிக் குடைந்து போகும். அந்தப் பொந்து நீர்ப்பக்கத்தைத் தொட்டுவிட்டால் மிச்சம் இருப்பது மிகக் குறைந்த நேரம். அமெரிக்காவின் டீட்டன் அணை சுமார் 300 அடி உயரம். அரசுப் பொறியாளர்கள் கட்டிய புத்தம் புதிய மண் அணை. 1976 ஜூன் 5 அன்று காலை 7 மணிக்குமேல் அங்கே கலங்கல் நீர் கண்ணில் பட்டது. ஓட்டையை அடைக்கப் போன புல்டோசர்களையும் அது விழுங்கியது. நண்பகலுக்குள் அணை உடைந்தது. 11 பேர் இறந்தார்கள்.

மண் அணையைக் கொல்லும் இன்னொன்று, கரைக்கு மேல் வழியும் வெள்ளம். கல் அணையின் மேல் சிறிது வழிந்தால் அது தாங்கக்கூடும். மண் கரை தாங்காது. ஆகவே மண் அணைக்கு மறுகால்தான் உயிர்.

இதை மறந்த ஒரு தனியார் அணையின் கதை உலகம் அறிந்தது. பென்சில்வேனியாவின் சவுத் ஃபோர்க் அணையை 1879இல் செல்வந்தர்களின் மீன்பிடி, வேட்டைச் சங்கம் ஒன்று வாங்கியது. ஆண்ட்ரூ கார்னகி போன்ற எஃகு முதலாளிகள் அதில் உறுப்பினர்கள். அடிமடைக் குழாய்களை முந்தைய உரிமையாளரே கழற்றி விற்றிருந்தார். சங்கம் புதிதாகப் போடவில்லை. ஆக, அவசரத்துக்குத் தண்ணீரை இறக்க வழியே இல்லை. வண்டி போவதற்காகக் கரையின் உச்சியைத் தாழ்த்தினார்கள். மீன் தப்பிப் போகாதிருக்க மறுகாலின் குறுக்கே கம்பித் தடுப்பு வைத்தார்கள். 1889 மே 31 அன்று பெருமழையில் அடித்துவந்த மரமும் செத்தையும் அந்தத் தடுப்பில் சிக்கின. தண்ணீர் கரையேறியது. கீழே ஜான்ஸ்டவுன் நகரத்தில் 2,209 பேர் மாண்டார்கள். சங்கத்தார் மீது நீதிமன்றத்தில் பொறுப்பு எதுவும் நிலைநாட்டப்படவில்லை.

பழங்கதை என்று இதைத் தள்ள முடியவில்லை. மறுகாலில் மீனுக்கு வலை கட்டுவதும், இன்னும் ஓரடி தண்ணீர் நிற்கட்டும் என்று மணல் மூட்டை அடுக்குவதும் நம் ஊர்ப் பக்கத்திலும் நடப்பவை. கென்யாவின் சோலாய் என்னும் இடத்தில் 2018 மே 9 இரவு, பூப்பண்ணை ஒன்றின் மண் அணை உடைந்து குறைந்தது 47 பேர் இறந்தார்கள். அணையால் லாபம் மேலே இருப்பவருக்கு, உயிர் ஆபத்து கீழே இருப்பவருக்கு. தனியார் அணையைப் பற்றி எனக்குள்ள பெரிய அச்சம் இதுதான்.

நம் நாட்டில் 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம், பராமரிப்புப் பொறுப்பை உரிமையாளர் மீது வைக்கிறது. ஆனால் அது 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உயரமுள்ளவற்றில் குறிப்பிட்ட சிலவற்றுக்கும்தான். அதற்கும் சிறிய தோட்டத்துக் கரையை உரிமையாளரின் கண்தான் காக்கவேண்டும்.

அந்தக் கண் தேடவேண்டியவை எளியவை. கரையின் நெடுகே ஓடும் வெடிப்பு, உச்சியில் பள்ளம், சரிவில் பிதுக்கம், கோடையிலும் பசேலென்று நிற்கும் ஈரத்திட்டு, எலி வளை, நண்டு வளை, கரையான் புற்று. கரையில் வளர்ந்த கருவேல மரம் பட்டுப்போனால் வேர் மக்கி, தண்ணீருக்குப் பாதையாகிவிடும். செடியாக இருக்கும்போதே பிடுங்கவேண்டும். அடிமடையை ஆண்டுதோறும் திறந்து மூடிப் பார்க்கவேண்டும். நிறைந்த அணையை ஒரேயடியாகக் காலி செய்வதும் தவறு. நீர் ஊறிய உட்சரிவு பிடிமானம் இழந்து சரியும்.

கலங்கல் ஊற்று கிளம்பிவிட்டால் அதன் வாயைக் களிமண்ணால் அடைக்கக்கூடாது. தண்ணீர் வேறிடத்தில் பீறிடும். முதலில் மணல், அதன்மேல் சரளை, அதன்மேல் கல் என்று கொட்டினால் தண்ணீர் வெளியேறும், மண் தங்கும். கூடவே மடையைத் திறந்து மட்டத்தை இறக்கவேண்டும். இதற்கெல்லாம் முன்பாக ஓடையோரத்து வீடுகளுக்கு ஆள் அனுப்பி, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண்ணில் சொல்லிவிட வேண்டும்.