முழங்கை நோவும் அதன் பெயரும்

நோய்களுக்கு இடப்படும் பெயர்கள் வெறும் அடையாளக் குறிகள் அல்ல. யாருடைய உடலைக் கண்டு அப்பெயர் இடப்பட்டது என்பதையும் அவை தம்முட் பொதிந்து வைத்துள்ளன. ‘ரெனிஸ் முழங்கை’ இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டு. முழங்கையின் வெளிப்புற எலும்பு முனைப்பில் தொடங்கி முன்னங்கை வழியே இறங்கும் இவ்வலியுடன் வைத்தியரை நாடுவோரிற் பெரும்பாலானோர் ரெனிஸ் மட்டையைத் தொட்டறியாதவர்கள். தச்சரும், குழாய் பொருத்துவோரும், இறைச்சி வெட்டுவோரும், ஈரத்துணி முறுக்கிப் பிழியும் பெண்களும் அவர்களுள் அடங்குவர்.

1700ஆம் ஆண்டிலேயே இத்தாலிய வைத்தியரான ராமசினி, தொழிலாளர் நோய்கள் பற்றிய தமது நூலில் எழுத்தர்களின் கைத்தளர்ச்சியை விவரித்ததோடு, நோயாளியின் தொழில் யாதென வைத்தியர் வினவவேண்டுமெனவும் வற்புறுத்தினார். 1873இல் ஜேர்மனியரான ருங்கே இம்முழங்கை நோவை விவரித்தபோது அதனை எழுத்துவேலையோடுதான் தொடர்புபடுத்தினார். ஆயின், புற்றரை ரெனிஸ் இங்கிலாந்தின் வசதிபடைத்தோரிடையே பரவிய வேளையில், 1882இல் மொறிஸ் என்பாரும் 1883இல் மேஜர் என்பாரும் அவ்விளையாட்டுடன் இணைத்து மருத்துவச் சஞ்சிகைகளில் எழுதினர். அப்பெயரே நிலைத்தது. எழுத்தரின் கை மறைந்து ஆட்டக்காரரின் கை முன்வந்தமை தற்செயலன்று. எழுதியோரும் வாசித்தோரும் ஆடியோரும் ஏறத்தாழ ஒரே சமூகத் தளத்தினர். முழங்கை நுனியிலுள்ள திரவப்பை வீங்கும் பிறிதொரு நோய்க்குச் ‘சுரங்கத் தொழிலாளி முழங்கை’ என்றும் ‘மாணவர் முழங்கை’ என்றும் இரு பெயர்கள் வழங்குவதும் நோக்கற்பாலது. சுரங்கத்தில் ஊன்றிய கையும் மேசையில் ஊன்றிய கையும் ஒரே விதமாகவே வீங்குகின்றன.

மணிக்கட்டை மேனோக்கி வளைக்கும் தசைகளின் நாண்கள் மேற்கூறிய எலும்பு முனைப்பிற் பொருந்தியுள்ளன. ஒன்றை இறுகப் பற்றும்போது மணிக்கட்டை நிலைநிறுத்துபவையும் இவையே. எனவே சுத்தியலும் திருகாணிச் சாவியும் நாள்முழுதும் இத்தசைநாணையே இழுக்கின்றன. இதனை அழற்சி என்றே நெடுங்காலம் கருதினர். 1979இல் நேர்ஷல், பெற்றோன் ஆகிய இருவரும் சத்திர சிகிச்சையில் அகற்றப்பட்ட இழையங்களை ஆராய்ந்து, அது பெரிதும் சிதைவும் முறையாக நிறைவுறாத சீரமைப்புமே எனக் காட்டினர்.

இது சிகிச்சையைப் பாதிக்கும் விடயமாகும். அழற்சியைத் தணிக்கும் ஸ்ரெரொயிட் ஊசி சில வாரங்களில் வலியைக் குறைக்கிறது. ஆனால் 2013இல் வெளிவந்த அவுஸ்திரேலிய ஆய்வொன்றில், ஓராண்டின் பின் நலமடைந்தோர் ஊசி பெற்றோரில் 83 வீதம், மருந்தற்ற ஊசி பெற்றோரில் 96 வீதம். நோவு மீண்டும் தோன்றியமை முறையே 54, 12 வீதம். நாட்கூலி பெறுவோர் விரைவில் வேலைக்குத் திரும்ப விரும்பி இவ்வூசியைக் கேட்பது இயல்பே. அவ்விரைவுக்கு விலை பின்னர் கொடுக்கப்படுகிறது. இழுவிசையைக் குறைத்தல், முன்னங்கைப் பட்டி, படிப்படியாகப் பாரம் கூட்டும் தசைப் பயிற்சி ஆகியவற்றோடு பெரும்பாலானோர் ஓரிரு ஆண்டுகளிற் குணமடைகின்றனர். சத்திர சிகிச்சை சிலருக்கே தேவைப்படும். சின்னவிரல் விறைத்தல் நரம்பு நெருக்கத்தைக் குறிக்கலாம். விழுந்தபின் முழங்கையை நீட்ட முடியாவிடின் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தல் வேண்டும்.

‘கைக்கு ஓய்வு கொடுங்கள்’ என்பது வைத்தியரின் வழக்கமான அறிவுரை. ஆட்டக்காரர் மட்டையை வைத்துவிடலாம். சுத்தியலை வைப்பவருக்கு அன்றைய கூலி இல்லை. ஆதலின் நட்டஈடு பற்றிய வினா சிகிச்சையின் ஓர் அங்கமேயாகும். பிரான்சின் தொழில்நோய் அட்டவணை 57 இந்நோவை ஏற்கிறது. பிரித்தானியாவின் பட்டியலில் சுரங்கத் தொழிலாளியின் முழங்கை வீக்கம் உண்டு. ‘ரெனிஸ் முழங்கை’ இல்லை. பெயரே இதற்குக் காரணம் எனல் மிகை. வேலைதான் நோவைத் தந்தது எனத் தனியொருவர் விடயத்தில் நிறுவுதல் கடினம் என்பதும் உண்மையே. ஆயினும் விளையாட்டின் பெயரைச் சுமந்த நோவை வேலைத்தலத்தின் நோவு என வாதிடச் செல்லும் தொழிலாளி, தமது முதல் வாதத்தை அப்பெயருக்கு எதிராகவே தொடுக்க வேண்டியுள்ளது.